எந்த டைல்ஸ் போடுவது? துடைக்கிறவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

போன வருடம் முழுக்க எங்கள் வீட்டில் டைல்ஸ் பேச்சுதான். சேலம் அழகாபுரத்தில் அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை ஒரு பக்கம் நடந்தது, ஏற்காட்டில் அக்கா வீட்டைக் கட்டி முடிக்கும் வேலை இன்னொரு பக்கம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கடையில் மொத்தமாக வாங்கிவிட்டால் விலை குறையும் என்றுதான் கிளம்பினோம். கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக அமைந்தது குளியலறைத் தரை மட்டுமே, மற்றதெல்லாம் பிரிந்துபோனது. ஏன் பிரிந்தது என்று எழுதி வைத்தால் இப்போது தரை போடப் போகிறவர்களுக்கு உதவும்.

கடையில் டைல்ஸை எப்படிப் பார்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நிற்க வைத்திருப்பார்கள், மேலே பளிச்சென்று விளக்கு எரியும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது. வீட்டில் அது படுத்துக் கிடக்கும், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும், தினமும் ஈரம் படும். நாங்கள் நிறத்தையும் டிசைனையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கடைப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இதுல தண்ணி காஞ்சா தடம் தெரியுமா?" அவன் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நான்கு சாம்பிள் துண்டுகளைக் கையில் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றின் மீதும் எங்கள் போர் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். மாலையில் கறுப்புப் பளபளப்பு டைல்ஸ் மேல் வெள்ளை வளையம் வளையமாக நின்றது. பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் மேட் துண்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. காசில்லாமல் செய்த இந்தச் சோதனைதான் எங்கள் முடிவில் பாதி.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிக்க மேட்டூர் தண்ணீர் வருகிறது, ஆனால் வீடு துடைக்க, குளிக்க, துவைக்கப் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீர்தான். ஊரை ஒட்டியே வெள்ளைக்கல் வெட்டுகிற பூமி இது, வெள்ளைக்கல் என்று நாம் சொல்கிற மாக்னசைட் மக்னீசியம் கார்பனேட்தான். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தண்ணீர் ஆவியானதும் தரையிலேயே தங்கிவிடுகின்றன. அந்தத் தடம் அழுக்கு கிடையாது, அதனால்தான் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. அதைக் கரைக்க லேசான புளிப்பு வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூனை ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துத் தடவி, ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் போதும். வினிகரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் இது விட்ரிஃபைடு என்கிற, கண்ணாடி போல இறுகச் சுட்ட டைல்ஸுக்கும், சாதாரண செராமிக்குக்கும் மட்டும்தான். மார்பிள், மொசைக், ஆத்தங்குடிக் கல், ரெட் ஆக்சைடு எதன் மீதும் புளிப்பு படவே கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டைல்ஸ் அவ்வளவு சீக்கிரம் அழுக்காவதில்லை, அழுக்காவது இரண்டு டைல்ஸுக்கு நடுவே வரும் ஜாயின்ட்தான். நல்ல விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. நடுவில் அடைக்கிற சிமென்ட் ஃபில்லரோ நுண்துளைகள் நிறைந்தது, மாப் தண்ணீரில் இருக்கும் எண்ணெயும் மண்ணும் அதில்தான் இறங்கி உட்காரும். அதனால் எந்த டைல்ஸ் என்பதற்கு முன்னால் எத்தனை அடி ஜாயின்ட் என்று கணக்குப் போடுங்கள். நூறு சதுர அடி அறையில் ஒன்றுக்கு ஒன்று டைல்ஸ் போட்டால் சுமார் 200 அடி நீளத்துக்கு ஜாயின்ட் வரும். இரண்டுக்கு இரண்டு என்றால் 100 அடி. நான்குக்கு இரண்டு என்றால் 75 அடி. ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு இரண்டுக்குப் போகும்போது வேலை பாதியாகிறது, அதற்கு மேல் பெரிதாக்கும்போது மிச்சமாவது வெறும் கால் பங்கு. ஆனால் பெரிய டைல்ஸுக்கு வெட்டுச் சேதாரம் கூடும், கொஞ்சம் வளைவு இருந்தாலும் ஓரம் தூக்கி நிற்கும், ஏற்காட்டுக்கு என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் உடையாமல் கொண்டுபோகவும் வேண்டும். நான்கு டைல்ஸ் கொண்ட இரண்டுக்கு இரண்டு பெட்டியே முப்பது கிலோவை நெருங்கும். இந்தக் கணக்கைப் போட்டதும் நான்குக்கு இரண்டு ஆசையை இரண்டு வீட்டிலும் விட்டுவிட்டோம்.

ஜாயின்டை சிமென்ட் ஃபில்லரால் அடைப்பதா, எபாக்ஸியால் அடைப்பதா? எபாக்ஸி பல மடங்கு விலை. ரெசின், ஹார்டனர், மணல் போன்ற பொடி மூன்றையும் கலந்து, அது இறுகுவதற்குள் அடைத்து, மேலே படிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். தாமதித்தால் மெல்லிய படலமாக டைல்ஸ் மேலேயே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு. ஆகவே பழக்கமில்லாத ஆளிடம் கொடுக்காதீர்கள். சரியாகச் செய்தால் மஞ்சள் தண்ணீரோ எண்ணெயோ உள்ளே இறங்காது. ஆனாலும் வீடு முழுக்க எபாக்ஸி தேவையில்லை என்பது என் கருத்து. சமையல் மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவர், சமையலறைத் தரை, குளியலறை, இந்த மூன்றுக்கும் போடுங்கள். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் டைல்ஸை விட ஒரு படி கறுத்த நிறத்தில் சிமென்ட் ஃபில்லர் போதும். வெள்ளை ஜாயின்ட் ஆறு மாதம்தான் வெள்ளையாக இருக்கும், அதற்கப்புறம் நீங்கள் டூத் பிரஷோடு உட்கார வேண்டியதுதான். வெயில் படும் இடத்தில் எபாக்ஸி மஞ்சளாகிவிடும், அதனால் வாசலுக்கும் மொட்டைமாடிக்கும் அது வேண்டாம்.

பாலிஷ் விட்ரிஃபைடா, மேட் ஃபினிஷா? பாலிஷ் தரையில் தூசி எளிதாகப் போகும், ஒரு இழுப்பில் சுத்தம், ஆனால் கால் தடம் தெரியும், ஈரமானால் வழுக்கும். மேட் தரையில் தடம் தெரியாது, ஆனால் சொரசொரப்பின் பள்ளங்களில் அழுக்கு தங்கும், மாப்பை மட்டும் நம்பினால் ஒரு வருடத்தில் நடமாடும் பாதை மட்டும் மங்கித் தெரியும், அதனால் மாதம் ஒரு தடவை பிரஷ் போட வேண்டியிருக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை, மேட்தான். அம்மாவுக்கு எழுபது வயது. தரை மின்னுவதை விட அவர் விழாமல் இருப்பது பெரிது. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: டபுள் சார்ஜ் என்றால் மேல் நிறம் மூன்று நான்கு மி.மீ. ஆழத்துக்கு இருக்கும், தேய்ந்தாலும் நிறம் மாறாது. கிளேஸ்டு விட்ரிஃபைடு என்றால் அச்சிட்ட டிசைன் மேல் பூச்சுக்கு அடியில் மெல்லியதாக இருக்கும், பூச்சு கீறினால் தெரிந்துவிடும். வாசல் மண் நேராக உள்ளே வரும் வீட்டுக்கு டபுள் சார்ஜ்தான் ஏற்றது. கிளேஸ்டு எடுத்தால் தேய்மானத்துக்கான பி.இ.ஐ. எண் குறைந்தது நான்கு இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள்.

இப்போது மொசைக். எங்கள் ஹாலில் அப்பா காலத்து மொசைக் தரை இருந்தது. மங்கி, ஆங்காங்கே கறை பிடித்து, பார்க்கவே சோர்வாக இருக்கும். வந்த மேஸ்திரிகள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள், அதன் மேலேயே விட்ரிஃபைடு ஒட்டிவிடலாம், உடைக்கிற செலவு மிச்சம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் டைல்ஸும் பசையும் சேர்ந்து தரை முக்கால் இஞ்ச் வரை உயரும், எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும், குளியலறை வாசலில் தண்ணீர் தடுக்கும் படி காணாமல் போகும். ஆகவே பழைய மொசைக்கையே பாலிஷ் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். மொசைக் என்பது சிமென்டில் பதிந்த மார்பிள் சில்லுகள்தானே, மேல் தோலைக் கொஞ்சம் எடுத்தால் உள்ளே புதுசு இருக்கிறது. தண்ணீர் விட்டு முரட்டுக் கல்லில் ஆரம்பித்து, படிப்படியாக மென்மையான கல்லுக்கு மாற்றி, கடைசியில் ஆக்சாலிக் பொடி போட்டு மெஷின் ஓட்டினார்கள். மூன்று நாள், வீடு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. அந்தச் சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொட்ட வைத்துவிடுங்கள், குளியலறைக் குழாயில் விட்டால் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் மாலை அம்மா அந்தத் தரையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அப்பா அந்தத் தரையைப் போட்ட காலத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. உங்கள் வீட்டில் விரிசல் விடாத மொசைக் இருந்தால் தயவுசெய்து அதை மூடாதீர்கள். ஒரு ஜாயின்ட் கூட இல்லாத தரை, அல்லது கண்ணாடிப் பட்டி மட்டும் ஓடுகிற தரை, இன்றைக்கு எந்தக் கடையிலும் பெட்டியில் கிடைக்காது.

அந்தத் தரையில் ஒரு மூலையில் மட்டும் இன்னும் ஒரு மங்கல் திட்டு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. குளியலறை டைல்ஸ் ஒட்டி முடித்த ஆட்கள், போகிற போக்கில் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் வாஷ் கொடுத்தார்கள். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை. தரை முழுக்க நுரைத்துப் பொங்கியது என்று அப்புறம் சொன்னார்கள், அழுக்கு எல்லாம் வெளியே வருகிறது என்று நினைத்தார்களாம். அந்த நுரை அழுக்கு இல்லை. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமென்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும்போது கிளம்பும் கரியமில வாயு அது, அதாவது புதிதாக அடைத்த ஜாயின்ட் கரைந்து போகிற சத்தம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஜாயின்ட் எல்லாம் குழிவிழுந்து மணல் மணலாக உதிர்ந்தது. புதுக் குழாய்களின் பளபளப்பில் ஆவி பட்டுக் கறுப்பு ஏறியது. வாசற்படியைத் தாண்டி வழிந்த ஆசிட் மொசைக்கில் ஒரு திட்டு மங்கலை விட்டுப்போனது. டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் வேதனை. ஆசிட் தாங்குகிற பொருளைக் கழுவப் போய், தாங்காத எல்லாவற்றையும் கெடுத்தாகிவிட்டது. ஒட்டுகிற ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், சிமென்ட் கறையை ஈரம் காயும் முன்பே ஸ்பாஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள், காய்ந்த கறையை மரத் துண்டால் சுரண்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் எலுமிச்சை உப்பு, அதுவும் ஜாயின்ட் நன்றாக இறுகியபின், முதலில் ஜாயின்டை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டு. இன்னொன்று, இது உயிர் விஷயம்: கழிவறையில் ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய சின்ன அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

ஏற்காடு வேறு கதை. அங்கே தண்ணீர் தடம் ஒரு பிரச்சினையே இல்லை, தண்ணீர் காய்வதே இல்லை என்பதுதான் பிரச்சினை. ஐப்பசி கார்த்திகையில் காலை பத்து மணி வரை பனிமூட்டம் வாசலில் நிற்கும், திண்ணைத் தரை மதியம் வரை ஈரமாகவே இருக்கும், பாசி பிடித்துவிடும். அக்கா முதலில் வாசலுக்கும் போர்டிகோவுக்கும் உள்ளே போட்ட அதே டைல்ஸையே தொடரலாம் என்றார், பார்க்க ஒரே சீராக இருக்கும் என்று. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "செவ்வாழைத் தோல்ல கால் வெச்ச மாதிரி போவ" என்றார். வழுக்காத தன்மைக்கு டைல்ஸில் ஆர் 9-இலிருந்து ஆர் 13 வரை தரம் இருக்கிறது, எண் கூடக் கூட பிடிமானம் கூடும். வீட்டுக்குள் ஆர் 9 போதும், மழையும் பனியும் படும் திறந்த வாசலுக்கு ஆர் 11-க்குக் குறையாமல் கேளுங்கள். ஆனால் பிடிமானம் என்றால் சொரசொரப்பு, சொரசொரப்பு என்றால் காப்பித் தோட்டத்துச் செம்மண் அதில் ஏறிக்கொள்ளும். வழுக்காத தரையும் கையில் வேலை வைக்காத தரையும் ஒன்றாகக் கிடைக்காது. அக்கா பிடிமானத்தை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு தடவை நைலான் பிரஷ் என்று ஒத்துக்கொண்டார்.

பாசிக்கு மருந்து டைல்ஸ் வாங்கும் கடையில் கிடைக்காது, சரிவில்தான் இருக்கிறது. அடிக்குக் கால் இஞ்ச் சரிவு வெளியே பார்த்து இருந்தால் தண்ணீர் தேங்காது, தேங்காத இடத்தில் பாசி மெதுவாகத்தான் வரும். வந்துவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். பக்கத்தில் செடி இருந்தால் முதலில் அதற்கு நல்ல தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அது மேல் பூச்சைக் கீறிவிட்டு, அடுத்த பாசி பிடிக்க இடம் செய்து கொடுக்கும்.

ஏற்காட்டு வீட்டின் பூஜையறைக்கு ஆத்தங்குடிக் கல் போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. செட்டிநாட்டில் கண்ணாடித் தகட்டின் மேல் ஆக்சைடு கலந்த சிமென்டை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டுக் கையாலேயே வார்ப்பது, சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் அந்த மினுமினுப்பு. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும், தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டே வர வேண்டும், ஆசிட், எலுமிச்சை, கடுமையான பினாயில் எதுவும் ஆகாது. வறண்ட காரைக்குடிக் காற்றுக்கு அது அழகு. அடியில் ஈரம் ஏறுகிற ஏற்காட்டுத் தரையில் சிமென்ட் கல்லில் உப்புப் பூக்கும் என்று பயந்து, சேலம் வீட்டுப் பூஜையறைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டோம். சின்ன அறை, ஜனம் அதிகம் நடக்காது, வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய்த் துணி போடுகிறார், குங்குமம் சிந்தினால் உடனே உலர்துணியால் எடுத்துவிடுகிறார். நாள் முழுக்க வேலைக்குப் போய்விட்டு வருகிற வீட்டில் ஹால் முழுக்க இதைப் போட நான் சொல்ல மாட்டேன். அம்மாயி வீட்டு ரெட் ஆக்சைடு தரைக்கும் இதே பதில்தான். நன்றாகத் தேய்த்துப் போடும் கொத்தனார் கிடைத்தால் சின்ன இடத்துக்குப் போடுங்கள், எண்ணெயும் உலர்துணியும்தான் பராமரிப்பு.

குளியலறைச் சுவருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், சாதாரண செராமிக் போதும். எடை குறைவு, வெட்ட எளிது, தண்ணீர் அதிகம் குடிக்கும் என்றாலும் முகத்தில் பூச்சு இருக்கிறது. அதைத் தரைக்கு இறக்காதீர்கள், உடையும். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் உப்புக்கறைக்கு வழியே இல்லை. மொட்டைமாடிக்கு வெள்ளைக் கூல் டைல்ஸ் போட்டோம். சேலம் வெயிலுக்கு அது சரியான முடிவுதான், ஆனால் தூசி படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் குணம் குறையும் என்பதால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது கழுவியே ஆக வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்கு முன் ஒரு தடவை, தைக்கு முன் ஒரு தடவை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

தினசரித் துடைப்பில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு, லிக்விடை அதிகம் ஊற்றுவது. வாசனை தூக்கலாக இருந்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். தங்கிவிடும் சோப்புப் படலம்தான் பாலிஷ் தரையை மங்க வைக்கிறது, பிசுபிசுவென்று தூசியைப் பிடித்து வைக்கிறது. ஒரு வாளிக்கு ஒரு மூடி போதும், வாரம் ஒரு நாள் வெறும் தண்ணீரில் துடையுங்கள். அதற்கு முன் கூட்டுவதைத் தவிர்க்காதீர்கள். வாசல் மணலோடு மாப்பை இழுப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். மாம்பழ சீசனில் கூடையைத் தரையில் வைக்கும்போது அடியில் சாக்கு போடுங்கள், காம்புப் பால் காய்ந்தால் மேட் டைல்ஸில் எடுப்பது கஷ்டம்.

வாங்கும்போது கணக்குக்கு மேல் ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்தோம். ஒட்டியபின் நாணயத்தால் தட்டிப் பார்த்தால் டொக்கு சத்தம் வரும் டைல்ஸ் என்றைக்காவது உடையும். அன்றைக்கு அதே மாடல் கிடைத்தாலும் அதே ஷேடு கிடைக்காது, ஒவ்வொரு சூளை வேளைக்கும் நிறம் ஒரு நூல் மாறும். அழகாபுரம் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் அந்த ஐந்து பெட்டிகளும் இருக்கின்றன, பேட்ச் நம்பரும் எந்த அறைக்கு என்பதும் அம்மா கையெழுத்தில் மேலே எழுதியிருக்கிறது.